அலமாரியில் காலியிடம் தெரியக் கூடாது

நாடு திவாலான விஷயம் பஞ்சர்காரருக்கு ஆணிகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. வழக்கமாகத் தெருவில் ஓர் ஆணி விழுந்தால் பொழுது சாய்வதற்குள் அது யாருடைய டயரிலாவது ஏறிக் கடைக்கு வந்துவிடும். இப்போது ஆணிகள் விழுந்த இடத்திலேயே கிடந்து துருப்பிடித்தன. பெட்ரோல் இல்லை, அதனால் வண்டி இல்லை. வண்டி இல்லாததால் பஞ்சர் இல்லை. காலையில் கடையைத் திறப்பார், தொட்டியில் தண்ணீர் மாற்றுவார், பம்பைத் துடைப்பார், துடைத்த பம்பை மறுபடி துடைப்பார். பிறகு எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வருவார். வந்து உட்கார்ந்த உடனே மறுபடி எழுந்திருப்பார்.

திவால் என்ற சொல்லை அரசாங்கம் எங்கேயும் பயன்படுத்தவில்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதில் ஒரு சிறு ஓய்வு எடுத்துக்கொண்டிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். ஓய்வில் இருந்த அரசாங்கத்தின் கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பஞ்சர்காரரை உட்கார விடாதது வருமானக் கவலை மட்டும் இல்லை. வீட்டில் ஈர மணல் சட்டிக்குள் புதைத்து வைத்திருந்த ஒரு சின்ன மருந்துக் குப்பியும்தான். அவருடைய ஒன்பது வயது மகளுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டால் பள்ளிக்கூடம் போவாள், பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணோடு சண்டை போடுவாள், வீட்டுக்கு வந்து அது தன் தப்பு இல்லை என்று சாதிப்பாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவர் மனைவி தையற்காரி. வீட்டின் முன்பாதி கடை, பின்பாதியில் அவளுடைய தையல் மிஷின். நூல் வரத்து நின்றதில் இருந்து அந்த மிஷினும் ஓய்வில் இருந்தது. தினமும் காலையில் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு வரும்?" என்று அவர் கேட்பார்.

"தினம் இதையே கேட்காதீங்க. நேத்து சொன்னதுல ஒண்ணைக் கழிச்சுக்கங்க."

எதிர்வீட்டு அக்காவின் பையனுக்கும் இதே நோய், இதே மருந்து. அந்த அக்கா ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "உங்ககிட்ட கொஞ்சம் கூடுதலா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே, "இல்லை, சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பிப் போனாள். தையற்காரி அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

மருந்து நாட்டுக்குள் வராமல் இல்லை. துறைமுக வாசல் வரை வந்து கப்பலில் நின்றது. டாலரைக் கட்டினால்தான் சரக்கை இறக்குவார்கள். தெருமுனையில் நின்றால் அந்தக் கப்பல் தெரியும். பஞ்சர்காரர் அடிக்கடி அங்கே போய் நிற்பதற்குக் காரணம் அதுதான். மகளும் ஒருமுறை அவரோடு வந்து பார்த்தாள்.

"அப்பா, ஒரு படகு எடுத்துட்டுப் போய் ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்களேன். அவங்ககிட்டதான் அவ்வளவு இருக்கே."

"அது அப்படிக் குடுக்க மாட்டாங்கம்மா."

"கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் நம்பிக்கைச் சாலை போட்டார்கள். விமான நிலையத்தில் இருந்து அமைச்சகம் வரைக்கும் இருந்த பழைய சாலைதான். கடன் கொடுக்கும் குழு அந்த வழியாக வரப்போகிறது என்பதால், குழியை மூடி, கடைகளுக்கு வெள்ளையடித்து, தெருவிளக்குகளைப் பகலிலும் எரியவிட்டார்கள். மூடியிருந்த மருந்துக்கடை ஒன்றையும் திறந்தார்கள். அதன் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் ஒரு வரிசை முழுக்க இன்சுலின் அடுக்கியிருந்தது.

பஞ்சர்காரர் அதை ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே பார்த்துவிட்டார். ஓடிப்போய்ச் சட்டைப்பையில் இருந்த பணத்தை எல்லாம் மேஜையில் வைத்தார்.

"இன்சுலின் ஒண்ணு குடுங்க."

மருந்துக்கடைக்காரர் பணத்தை இரண்டு விரலால் திரும்ப அவர் பக்கம் தள்ளினார். "இது விக்கறதுக்கு இல்லைங்க."

"பின்ன எதுக்கு?"

"இருக்கறதுக்கு."

"புரியலைங்க."

"எனக்கும்தான் புரியலை. இங்க ஒண்ணு குறைஞ்சா என் வேலை போயிடும், அது மட்டும் புரிஞ்சுது. நீங்க செயலகத்துல போய்க் கேளுங்க."

நம்பிக்கை மீட்புச் செயலகம் ஏழாவது மாடியில் இருந்தது. மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடியில் இயக்குநரின் அறையில் மட்டும் ஏசி ஓடியது. வெளியே காத்திருந்தவர்கள் கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து அந்தக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் பஞ்சர்காரரை உள்ளே விட்டார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கால் தன்பாட்டுக்கு ஆடியது.

இயக்குநர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். கேட்பதற்காகவே அவருக்கு வெளிநாட்டில் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"உங்க பிரச்சினை எனக்குப் புரியுது. மருந்து இல்லைங்கறது இல்லை உங்க பிரச்சினை. நம்பிக்கை இல்லைங்கறதுதான்."

"எனக்கு நம்பிக்கை இருக்கு சார். பொண்ணுக்குத்தான் இன்சுலின் இல்லை."

"அவசரப்படாதீங்க. அந்த அலமாரியில இருந்து ஒண்ணை எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டேன்னு வைங்க. என்ன ஆகும்? ஒரு காலியிடம் வரும். குழு வந்தா முதல்ல பார்க்கறதே காலியிடத்தைத்தான். அதைப் பார்க்கத்தான் அவங்க படிச்சிருக்காங்க. பார்த்தா நம்ம மேல நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போனா கடன் வராது. கடன் வரலைன்னா போன கடனுக்கு வட்டி கட்ட முடியாது. வட்டி கட்டலைன்னா அடுத்த கடன் கிடைக்காது. அடுத்த கடன் கிடைக்கலைன்னா இந்தக் கடனை எதை வெச்சு அடைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

பஞ்சர்காரர் உண்மையிலேயே யோசித்தார். "இதுல மருந்து எந்த இடத்துல வருது சார்?"

"கடைசியில. எல்லாம் முடிஞ்சதும் வரும்."

"அதுவரைக்கும் அந்தப் பெட்டியில இருக்கறதுல..."

"அது நம்மளோடது இல்லை. குழுவுல வர்றவங்களுக்குன்னு முன்கூட்டியே விமானத்துல வந்த மருந்து. கெஞ்சிக் கேட்டு வாங்கி அடுக்கியிருக்கோம். அவங்க கிளம்பும்போது எண்ணித் திருப்பிக் குடுத்தாகணும்."

"அவங்க மருந்தை அவங்களுக்கே காட்டப் போறீங்களா? கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

இயக்குநர் முதல்முறையாகச் சிரித்தார். "அவங்க பணத்தை எடுத்துத்தான் அவங்களுக்கே வட்டி கட்டறோம். இத்தனை வருஷமா யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் உங்களை மாதிரிதான். என் மாமியாருக்கும் சர்க்கரை."

"அவங்களுக்கு மருந்து கிடைக்குதுங்களா?"

"அவங்க வெளிநாட்டுல இருக்காங்க."

பஞ்சர்காரர் எழுந்தார். அப்போதுதான் இயக்குநர் அவருடைய முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். இப்படித் திரும்புங்க என்றார். அப்படித் திரும்புங்க என்றார். விஷயம் என்னவென்றால், கடையில் மருந்து இருந்தால் மட்டும் போதாது, அதை வாங்க ஓர் ஆளும் வேண்டும். போன குழுவுக்கு ஓர் அதிகாரியின் மச்சானை வாடிக்கையாளராக நிறுத்தினார்களாம். அவர் கன்னம் பளபளவென்று இருந்ததைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டுக்குக் கடன் தேவையில்லை என்று குழு எழுதிவிட்டதாம்.

"உங்க முகம் கச்சிதமா இருக்கு. கஷ்டம் தெரியுது, புகார் தெரியலை. குழு முன்னாடி நீங்க மருந்து வாங்கறீங்க. பின்சந்து வழியா வந்து திருப்பிக் குடுக்கறீங்க. கடன் வந்ததும் கப்பல்ல இருந்து இறங்குற முதல் பெட்டி உங்க பொண்ணுக்கு. நான் வாக்குக் குடுக்கறேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது தையற்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கையில குடுத்துட்டு வாங்கிக்குவாங்களா?"

"ஆமா."

"அதுக்கு நீங்க சரின்னுட்டு வந்தீங்களா?"

"முதல் பெட்டி நமக்குன்னு சொல்றாரே."

"நாட்டுக்கே குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியாம ஓய்வுல இருக்காங்க. உங்களுக்குக் குடுத்ததைக் காப்பாத்தப் போறாங்களா?" என்றாள். ஆனால் ஜன்னலில் குப்பியைப் பிடித்துப் பார்த்தாள். அவருடைய நல்ல சட்டையை எடுத்து, பழைய துணியில் இருந்து உருவிய நூலால் பொத்தான் தைத்தாள்.

ஒத்திகை தினமும் நடந்தது. அதற்கென்று ஓர் ஒத்திகை அதிகாரி இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. முதல் நாள் பஞ்சர்காரர் மருந்தை வாங்கியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விசில் ஊதப்பட்டது.

"என்ன பண்றீங்க?"

"கையில வாங்கினதும் ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

"சந்தோஷமா வாங்காதீங்க. சந்தோஷப்பட்டா இத்தனை நாளா இல்லைன்னு தெரிஞ்சிடும். சலிப்பா வாங்குங்க. தினம் வாங்கற உப்பு மாதிரி. அப்புறம், எதுக்கு ரெண்டு கையில வாங்கறீங்க?"

"கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம்ங்கற மாதிரி வாங்குங்க. ஒரே கையில. அலட்சியமா."

பஞ்சர்காரருக்கு அலட்சியம் வரவில்லை. வலது கை நீளும்போதே இடது கையும் கூடப் போனது. இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பைக்குள் போன கை பையைத் துளைத்துவிடும் போல நெளிந்தது. கடைசியில் அந்தப் பையின் வாயைத் தைத்துவிட்டால் என்ன என்று அதிகாரி யோசனை சொல்ல, தையற்காரி கையை உள்ளே வைத்தே தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஊசி இரண்டு முறை அவருடைய விரலைக் குத்தியது. தற்செயல்தான் என்றாள்.

சலிப்பை வீட்டிலும் பழகச் சொல்லியிருந்தார்கள். மகள்தான் மருந்துக்கடைக்காரர். காலித் தீப்பெட்டியை நீட்டுவாள். அவர் கொட்டாவி விட்டபடி வாங்க வேண்டும்.

"இல்லப்பா, இது பயந்த கொட்டாவி. மறுபடி வாங்க."

குழு வந்தது. தெரு முழுக்க மரச்சட்டம் அடித்து, ஆணி அறைந்து, வரவேற்பு வளைவுகள் நட்டிருந்தார்கள். சாலையைப் பார்க்க இருந்த பஞ்சர் கடையின் முகத்தை ஒரு பெரிய துணியால் மூடினார்கள். துணியில் புகை கக்கும் தொழிற்சாலை ஒன்றை வரைந்திருந்தார்கள். தையற்காரியும் மகளும் அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால், இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மருந்துக்கடைக்குள் குழுத் தலைவரும் மொழிபெயர்ப்பாளரும் நின்றார்கள். பின்னால் இயக்குநர், கைகளைக் கட்டிக்கொண்டு. பஞ்சர்காரர் நுழைந்தார். மருந்தின் பெயரைச் சொன்னார். ஒரே கையில் வாங்கினார். தொட்டதும் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர் முழங்கை வரை ஏறியது.

குழுத் தலைவர் ஏதோ கேட்டார். "இந்த மருந்து கிடைப்பதில் சிரமம் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பஞ்சர்காரரின் வாய்க்குள் வேறொரு பதில் வந்து நின்றது. இயக்குநர் அவரைப் பார்த்தார். முதல் பெட்டி. முதல் பெட்டி உங்க பொண்ணுக்கு.

"எப்பவும் இருக்கறதுதானேங்க" என்றார். சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். மகள் பார்த்திருந்தால் பாஸ் போட்டிருப்பாள். அவ்வளவு நல்ல கொட்டாவி.

குழுத் தலைவரும் கூடவே கொட்டாவி விட்டு, ஏதோ குறித்துக்கொண்டார்.

பின்சந்தில் ஒரு குமாஸ்தா காத்திருந்தார். பஞ்சர்காரர் நின்றார், ஆனால் கொடுக்கவில்லை. குமாஸ்தா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "கோவிச்சுக்காதீங்க, எனக்கும் ரெண்டு குழந்தைங்க" என்றார் குமாஸ்தா.

கடன் கிடைத்துவிட்டதாக அடுத்த நாள் ரேடியோ சொன்னது. அந்தப் பணம் நாட்டுக்கு வந்துபோகும் அலைச்சல் இல்லாமல், அங்கேயே பழைய வட்டிக்குக் கட்டப்பட்டுவிட்டதாகவும் பெருமையோடு சொன்னது. தெருமுனையில் நின்றுகொண்டிருந்த பஞ்சர்காரர் அதைக் கேட்கவில்லை. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் அது துறைமுகத்துக்குள் வரத் திரும்புகிறது என்றுதான் நினைத்தார்.

ஏழு மாடியையும் ஓடியே ஏறினார்.

இயக்குநர் எழுந்து வந்து கைகொடுத்தார். "பிரமாதமா பண்ணீங்க. மக்கள் மருந்தைக் கொட்டாவி விட்டுக்கிட்டு வாங்கறாங்க, அந்த அளவுக்குத் தாராளமாக் கிடைக்குதுன்னு அறிக்கையில தனியா ஒரு பத்தி எழுதியிருக்காங்க. அதனால மருந்து இறக்குமதியை அநாவசியச் செலவுப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லிட்டாங்க. அது அவங்க நிபந்தனை. நம்ம கையில ஒண்ணும் இல்லை."

"அப்ப கப்பல்?"

"அதுதான் அநாவசியம்னு ஆயிடுச்சே."

"சார், என் பொண்ணு?"

இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "ஆறு மாசத்துல அடுத்த குழு வருது. அப்பவும் நீங்கதான் வாடிக்கையாளர், வேற யாரையும் போட மாட்டேன். அதுவரைக்கும் பாப்பாவைப் பத்திரமா வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்து இயக்குநர் சொன்னதை அப்படியே சொன்னார். தையற்காரி குப்பியை ஜன்னலில் பிடித்தாள். இப்போது அதைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

குழு கிளம்பும் நாளில் வளைவுகளைப் பிரித்தார்கள். கடன் வந்ததும் கூலி கிடைக்கும் என்று சொல்லியிருந்ததாலும், கடன் வந்த உடனே போய்விட்டதாலும், பிரித்தவர்கள் ஆத்திரத்தோடு பிரித்தார்கள். மரத்தை உருவி எடுத்துக்கொண்டு, ஆணிகளைச் சாலையிலேயே உதறிவிட்டுப் போனார்கள். தொழிற்சாலைத் துணியையும் யாரோ போர்த்திக்கொள்ள எடுத்துப் போய்விட, பஞ்சர் கடை மறுபடி வெளியே தெரிந்தது.

குழுவின் கார்கள் ஆணிகள் விழுவதற்கு முன்பே, காலையிலேயே போய்விட்டன. மதியம் இயக்குநரின் கார் தனியாக வந்தது. வளைவு இருந்த இடத்தைத் தாண்டியதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நொண்டிக்கொண்டே வந்து கடை வாசலில் நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் பஞ்சர்.

"சீக்கிரம் போடுங்க. விமானம் காத்துக்கிட்டு இருக்கு" என்று இறங்கினார் இயக்குநர். அதற்குப் பிறகுதான் யார் கடை என்று பார்த்தார். "அட, நீங்களா. நல்லதாப் போச்சு."

"ஸ்டெப்னி இல்லையா சார்?"

"அதை இறக்கி வெச்சிட்டுத்தான் வந்தோம்" என்றார் டிரைவர். "டிக்கியில ஐஸ் பெட்டி வெக்க இடம் பத்தலை. விமானத்துல ஏத்த வேண்டிய மருந்து இருக்கு."

பஞ்சர்காரர் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவினார். காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். ஓரிடத்தில் குமிழி வந்தது. துடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பேட்ச் டப்பாவைத் திறந்து ஒரு பேட்சைக் கையில் எடுத்தார். அதோடு நின்றுவிட்டார். இத்தனை மாதங்களில் அவர் அசையாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு? பேட்ச் இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப ஒட்டுங்க."

"இது ஒட்டறதுக்கு இல்லைங்க."

"பின்ன எதுக்கு?"

"இருக்கறதுக்கு."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே இருந்து தையற்காரி கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணை எடுத்து ஒட்டிட்டா டப்பாவுல காலியிடம் தெரியும் சார்" என்றாள் தையற்காரி. "வர்றவங்க பார்த்தா கடை மேல நம்பிக்கை போயிடும்."

"மிரட்டறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. நிபந்தனை."

டிரைவர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"எண்ணிக் குடுத்திருக்காங்கம்மா" என்றார் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது. "அங்க ஒண்ணு குறைஞ்சா நான் என்ன பதில் சொல்றது?"

"திருப்பிக் குடுக்கறதுல ஒரு சின்ன ஓய்வு எடுத்துக்கறோம்னு சொல்லுங்க. உங்களுக்கு வராத பதிலா?"

இயக்குநர் நடந்தே போய்விடலாமா என்பது போலச் சாலையைப் பார்த்தார். வெயிலில் ஆணிகள் மின்னின. காரைச் சுற்றிவந்த டிரைவர், "சார், பின்னாடி டயர்லயும் ஒண்ணு ஏறியிருக்கு. காத்து இறங்கிக்கிட்டே இருக்கு" என்றார். ரொம்ப வருத்தமாகச் சொல்ல முயன்றார்.

தையற்காரி குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். பல நாட்களுக்குப் பிறகு எதிர்வீட்டுப் பக்கம் நேராகத் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. இங்க ரெண்டு டயர்."

இயக்குநரே டிக்கியைத் திறந்தார். ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்ததும் குளிர்ப்புகை எழுந்தது. முதல் பெட்டியை எடுத்து நீட்டினார். பஞ்சர்காரர் டியூபைக் கீழே வைத்துவிட்டு, கைகளைச் சட்டையில் அழுத்தித் துடைத்து, இரண்டு கைகளாலும் அதை வாங்கினார்.

விசில் எதுவும் ஊதவில்லை.